பாவை விரிந்தால் பாசமா?

நம் மொரீஷியஸின் ரோஸ் ஹில் பஸ் நிலையத்தில் நண்பகல் நேரத்தில் எதிரே நிற்பவரின் கண்ணை ஒரு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். வெள்ளை தெரியும், பழுப்பு தெரியும். பழுப்பு எங்கே முடிகிறது, நடுவில் உள்ள கண்பாவை எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் சொல்ல முடியாது. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு ஐரிஸ், அதாவது பாவையைச் சுற்றிய நிற வளையம், அடர்பழுப்பு. பாவையோ கருப்பு. போதாக்குறைக்கு அந்த வெயிலில் பாவை 2 மி.மீ. அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். "பிடித்தவரைப் பார்த்தால் பாவை விரியும், பொய் சொன்னால் சுருங்கும், பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம்" என்று வாட்ஸப்பில் சுற்றிவருகிற அறிவுரை இங்கேயே பாதி அடிபட்டுப் போகிறது.

பாதிதான். மனத்தின் அசைவுக்குப் பாவையும் அசைகிறது என்பது உண்மை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அளந்து வருகிறார்கள். ஆனால் மனம் எவ்வளவு கிளர்ந்தது என்பதைத்தான் பாவை காட்டும். அந்தக் கிளர்ச்சி ஆசையா, அச்சமா, கணக்குப் போடும் சிரமமா என்று அது பிரித்துச் சொல்லாது. இந்த ஒரு வேறுபாட்டை மறந்ததால் வந்த வினைகள் கொஞ்சமில்லை.

முதலில் உறுப்பைப் பார்ப்போம். பாவை ஒரு பொருளல்ல, ஐரிஸின் நடுவில் உள்ள துளை. அதைச் சுற்றி வளையமாக ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் வாய் மூடுவது மாதிரி அது இறுகினால் துளை சிறுக்கும். ஐரிஸின் விளிம்பை நோக்கி ஆரக்கால்களாக ஓடும் விரிப்புத் தசை இழுத்தால் துளை அகலும். சுருக்குத் தசையை நடத்துவது உடலை அமைதிப்படுத்தும் எதிர்ப்பரிவு நரம்பு: நடுமூளையில் உள்ள எடிங்கர்-வெஸ்ட்பால் கருவிலிருந்து மூன்றாம் கபால நரம்பு வழியே வந்து, அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து வேலை வாங்கும். விரிப்புத் தசைக்கு உடலை உசுப்பும் பரிவு நரம்பு. அதன் பாதை நீண்டது. ஹைப்போதலாமஸில் தொடங்கி, கழுத்தும் மார்பும் சேரும் இடத்தில் தண்டுவடத்தை விட்டு வெளியேறி, நுரையீரலின் உச்சியை ஒட்டி ஏறி, கழுத்துத் தமனியோடு மேலே போய்க் கண்ணுக்குள் நுழைகிறது. ஒரு கண்ணின் பாவை மட்டும் சிறுத்தால் மருத்துவர் ஏன் கழுத்தையும் நெஞ்சையும் படமெடுக்கச் சொல்கிறார் என்பதற்கு விடை இந்தச் சுற்றுவழியில் இருக்கிறது.

உணர்ச்சி இரண்டு வழியாலும் வருகிறது. ஒருபக்கம் பரிவு நரம்பு விரிப்புத் தசையை இழுக்கிறது. மறுபக்கம், மூளைத்தண்டில் லோக்கஸ் செருலியஸ் என்ற சிறு நரம்புத் திரள் நார்அட்ரினலினைச் சுரந்து மூளை முழுவதையும் உசுப்பும்போது, சுருக்குத் தசைக்குப் போகும் கட்டளையும் தளர்கிறது. திடீர்ச் சத்தம், தெரிந்த முகம், வலி, கடினமான கேள்வி எல்லாம் கடைசியில் இதே இரண்டு வழிகளில்தான் பாவைக்கு வந்துசேர்கின்றன. எந்த உணர்ச்சி என்று பாவை சொல்லாததற்கும் இதுவே காரணம்.

இப்போது அளவு. இருட்டில் ஓர் இளைஞரின் பாவை 7 மி.மீ. வரை விரியும், நல்ல வெளிச்சத்தில் 2 முதல் 3 மி.மீ. வரை சுருங்கும். வெளிச்சம் பட்ட கால் நொடியிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். உணர்ச்சியாலோ சிந்தனையாலோ வரும் விரிவு பெரும்பாலும் அரை மி.மீ.க்குள், பல சமயம் 0.1 மி.மீ.தான். அது மெதுவாகவும் வரும், உச்சத்தைத் தொட ஒன்றிரண்டு நொடி ஆகும். நான்கைந்து மி.மீ. ஆட்டத்துக்கு நடுவில் அரை மி.மீ.யைத் தேடுகிறோம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் இனி வரும் சிக்கல்கள் எல்லாம் தானே விளங்கும்.

இந்தத் துறையைப் பேச்சுக்குக் கொண்டுவந்தவர் சிகாகோ பல்கலைக்கழக உளவியலாளர் எக்கார்ட் ஹெஸ். இரவில் படுக்கையில் விலங்குப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது, உங்கள் கண்பாவை வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கிறது என்று அவர் மனைவி சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். 1960-ல் ஜேம்ஸ் போல்ட்டுடன் சேர்ந்து சயன்ஸ் இதழில் ஆய்வை வெளியிட்டார். ஆண்களின் பாவை பெண்ணின் படத்துக்கும், பெண்களின் பாவை குழந்தை, தாய்-சேய், ஆண் படங்களுக்கும் அதிகம் விரிந்தன என்பது முடிவு. சோதனைக்கு உட்பட்டவர்கள் 4 ஆண்கள், 2 பெண்கள். ஆறு பேரை வைத்துப் புறப்பட்ட செய்தி உலகத்தைச் சுற்றிவந்தது! பிடித்ததைப் பார்த்தால் விரியும், பிடிக்காததைப் பார்த்தால் சுருங்கும் என்று ஹெஸ் பிற்பாடு சொன்னதை விளம்பரக்காரர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தச் 'சுருங்கும்' பகுதி நிற்கவில்லை. 2008-ல் மார்கரெட் பிராட்லியும் சக ஆய்வாளர்களும் படங்களின் வெளிச்சத்தைச் சமப்படுத்திப் பார்த்தார்கள். இனிய படத்துக்கும் பாவை விரிந்தது, கோரமான படத்துக்கும் விரிந்தது. சாதாரணப் படத்துக்கு அவ்வளவு இல்லை. தோலின் மின்கடத்தல், அதாவது வியர்வைச் சுரப்பிகளின் அசைவு, அதே போக்கில் கூடியது. ஆக இது பரிவு நரம்பின் வேலை; விருப்பு வெறுப்பு அதில் பதிவாகவில்லை. படத்துக்குப் பதில் ஒலியைக் கேட்க வைத்தபோதும் இதே கதைதான்: குழந்தைச் சிரிப்புக்கும் விரியும், அழுகைக்கும் விரியும்.

என்னைக் கேட்டால் ஹெஸ்ஸின் நல்ல ஆய்வு 1964-ல் வந்த இன்னொன்று. 7×8, 8×13, 13×14, 16×23 என்று நான்கு மனக்கணக்குகள். கணக்கு கடினமாக ஆக விரிவும் கூடியது. விடை சொல்லும் தறுவாயில் உச்சத்தைத் தொட்டு, சொன்னதும் இறங்கியது. 1966-ல் டேனியல் கானமனும் ஜாக்சன் பீட்டியும் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பாவை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது, திருப்பிச் சொல்லச் சொல்லக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இது பலமுறை சரிபார்க்கப்பட்ட முடிவு. பொய் சொல்வதும் மூளைக்கு வேலைதான் என்பதால் பாவை விரியக்கூடும். வாட்ஸப் சொல்வதற்கு நேர்மாறாக. ஆனால் செய்யாத தப்புக்குச் சந்தேகப்படுகிறவர்களிடம் விளக்கம் சொல்கிற அப்பாவிக்கும் அதே போல விரியும்.

மனக்கணக்குச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். கவனமாகச் செய்தால் கண்ணால் காணவும் முடியும். மாலையில் திரையை மூடி, ஒரே ஒரு மேசை விளக்கை வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு உட்காருபவரின் பக்கவாட்டில் ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். நேர் எதிரே வேண்டாம். பக்கத்திலிருந்து விழும் வெளிச்சத்தில்தான் பழுப்பு ஐரிஸின் இழைகள் துலங்கி, பாவையின் விளிம்பு பிரிந்து தெரியும். மூன்று மீட்டருக்கு அப்பால் சுவரில் ஒரு புள்ளி வைத்து அதையே பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உள்ளதைப் பார்த்தால் பாவை தானாகச் சுருங்கும். ஆளின் பார்வை போனுக்குத் தாவினால் சோதனை போச்சு. போனை ஒரு பிடிமானத்தில் நிறுத்தி, ஃபிளாஷை அணைத்து, திரை வெளிச்சத்தைக் குறைத்து, குவியத்தையும் ஒளியளவையும் பூட்டிவிட்டு, ஒரு கண்ணை மட்டும் பெரிதாக்கி வீடியோ எடுங்கள்.

இரண்டு மூன்று நிமிடம் கண் பழகட்டும். பத்து நொடி சும்மா இருக்கட்டும். பிறகு "16 பெருக்கல் 23" என்று சொல்லுங்கள். விடையை உடனே சொல்ல வேண்டாம், 'சொல்லுங்கள்' என்ற பிறகு சொன்னால் போதும் என்று முன்பே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் வாய் அசையும்போது முகமும் அசைந்து படம் கலங்கும். அளப்பதற்கு அளவுகோல் கண்ணிலேயே இருக்கிறது. பெரியவர்களின் ஐரிஸ் குறுக்களவு ஏறத்தாழ 12 மி.மீ., அது மாறாது. வீடியோவில் ஐரிஸ் 400 புள்ளி (பிக்சல்) அகலம் இருந்தால் ஒரு புள்ளி 0.03 மி.மீ.; பாவை 0.3 மி.மீ. விரிந்தால் பத்துப் புள்ளி கூடும், எண்ணிவிடலாம். ஐரிஸே 100 புள்ளிதான் என்றால் கிடைப்பது வெறும் இரண்டரைப் புள்ளி. அதை நம்ப வேண்டாம்.

இதையே "யாரைப் பிடிக்கும்" என்ற சோதனையாக மாற்ற நினைத்தால் எல்லாம் குழம்பும். திரையில் வரும் ஒரு முகம் வெள்ளைப் பின்னணியிலும் இன்னொன்று இருண்ட பின்னணியிலும் இருந்தால், பாவை பின்னணிக்குத்தான் பதில் சொல்லும். சராசரி வெளிச்சத்தைச் சமப்படுத்தினாலும் போதாது, கண் கருங்கூந்தலில் நிற்கிறதா நெற்றியில் நிற்கிறதா என்பதைப் பொறுத்தும் மாறும். அதனால் ஆய்வுக்கூடங்களில் ஒவ்வொரு படத்தையும் துண்டு துண்டாகக் கலைத்து, அதே வெளிச்சம் உள்ள அர்த்தமற்ற படம் ஒன்றைத் தயாரித்து ஒப்பிடுவார்கள். அல்லது சாம்பல் திரையைப் பார்க்கவைத்து ஒலியை மட்டும் தருவார்கள். படம் வருவதற்கு முந்தைய அரை நொடியின் சராசரியைக் கழித்த பிறகுதான் விரிவைக் கணக்கிடுவார்கள். பாவை பழைய நிலைக்குத் திரும்பச் சில நொடி பிடிப்பதால் படங்களை அடுத்தடுத்து ஓட்டக் கூடாது. தூக்கக் கலக்கம் இருந்தால் பாவை சிறுத்து, அலைபோல ஆடத் தொடங்கும். காப்பியும் சிகரெட்டும் அளவைக் கெடுக்கும்.

கூடங்களில் அகச்சிவப்பு ஒளியில் படமெடுப்பதால் கருங்கண் அங்கே தடையில்லை. அந்த ஒளியில் அடர்பழுப்பு ஐரிஸும் வெளிறிப்போய், பாவை மட்டும் கன்னங்கரேல் என்று தனியே நிற்கும். அங்கே தொல்லை கொடுப்பது வேறொன்று: கண்மையும் இமைமயிர்ப் பூச்சும். கருப்பாக இருப்பதெல்லாம் பாவை என்று மென்பொருள் எடுத்துக்கொண்டு, மை தீட்டிய இமையோரத்தைப் பிடித்துக்கொள்ளும். மை இல்லாமல் வாருங்கள் என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது.

வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தாமல் முடிவு சொன்னால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா ஒரு பாடம். 1960-களில் அரசுப் பணியிலும் காவல்துறையிலும் ராணுவத்திலும் தன்பால் ஈர்ப்புள்ளவர்களைத் தேடிப்பிடித்து வெளியேற்ற அந்நாட்டு அரசு முயன்றது. அதற்குக் கார்ல்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் வேக் என்ற உளவியலாளர், ஹெஸ்ஸின் வழியைப் பின்பற்றிப் படங்களைக் காட்டிப் பாவையை அளக்கும் சோதனையை வகுத்தார். கேலியாக 'ஃப்ரூட் மெஷின்' என்று பேர் ('ஃப்ரூட்' என்பது தன்பால் ஈர்ப்புள்ளவரை இழிவாகச் சொல்லும் சொல்). படங்களின் வெளிச்சம் ஒன்றுக்கொன்று வேறு, ஆளுக்கு ஆள் பாவையின் அளவு வேறு, கேமராவின் கோணமும் தூரமும் வேறு. சோதனை கடைசிவரை வேலை செய்யாமல் 1967-ல் கைவிடப்பட்டது. ஆனால் அந்த வேட்டையில் ஏராளமானோர் வேலையை இழந்தார்கள். 2017-ல்தான் பிரதமர் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நேர்காணலுக்கு வருகிறவரின் கண்ணைப் படமெடுத்து நேர்மையை அளக்கிறோம் என்று இன்று யாராவது கருவி விற்க வந்தால், வெளிச்சத்தை எப்படிச் சமப்படுத்தினீர்கள் என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

சரி, எதிரே இருப்பவரின் பாவை நம்மைப் பாதிக்கிறதா? 2006-ல் ஹாரிசனும் சக ஆய்வாளர்களும் சோகமான முகங்களில் பாவையை மட்டும் மாற்றிக் காட்டினார்கள். பாவை சிறிதாக இருந்தபோது சோகம் கூடுதலாகத் தெரிந்தது, பார்த்தவரின் பாவையும் சிறுத்தது. 2015-ல் மரிஸ்கா கிரெட்டின் குழு நெதர்லாந்தில் நம்பிக்கை விளையாட்டு ஒன்றை நடத்தியது. கண்களை மட்டும் காட்டி, இவரை நம்பிப் பணம் கொடுப்பாயா என்று கேட்டார்கள். பாவை விரிகிற கண்ணை அதிகம் நம்பினார்கள். தங்கள் இனத்தவரின் கண்ணாக இருந்தால், அது விரியத் தன் பாவையும் விரிந்தபோது நம்பிக்கை இன்னும் கூடியது. கிரெயோல், தமிழர், தெலுங்கர், முஸ்லிம், சீனர் எல்லாரும் ஒரே பஸ்ஸில் போகிற தீவில் இதைப் படித்துவிட்டுப் பெரிய தத்துவம் எழுத ஆசை வரும். வேண்டாம். 2018-ல் வேறொரு டச்சுக் குழு, இந்தப் 'பாவை தொற்று' என்பதே பெரும்பாலும் வெளிச்ச விவகாரம் என்று காட்டியது: விரிந்த பாவை கருப்பைக் கூட்டுகிறது, படம் இருளுகிறது, பார்ப்பவரின் பாவை அதற்கு விரிகிறது. விவாதம் இன்னும் ஓயவில்லை. அடர்பழுப்புக் கண்ணில் பாவை விரிந்தாலும் அந்த இடத்தின் இருள் அதிகம் மாறாது என்பதால், நம் முகங்களுக்கு நடுவில் இந்தத் தொற்று வலுவாக வேலை செய்யும் என்று நான் நினைக்கவில்லை.

நாம் ஒருவரையொருவர் கண்ணால் படிக்கிறோம்தான். ஆனால் படிப்பது வெள்ளையை. 1997-ல் கோபயாஷி, கோஷிமா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் குரங்கினங்களோடு ஒப்பிட்டு, மனிதக் கண்ணில்தான் வெள்ளை இவ்வளவு அகலமாகத் திறந்து கிடக்கிறது என்று காட்டினார்கள். பார்வை எங்கே போகிறது என்பது அதனால்தான் தூரத்திலிருந்தே தெரிகிறது. பயந்தவரின் கண்ணில் பெரிதாவதும் வெள்ளைதான். அந்த வெள்ளையை ஒரு கணம் காட்டினாலே மூளையில் அச்சத்துக்கு எதிர்வினை தரும் அமிக்டலா விழித்துக்கொள்வதாக 2004-ல் வேலன் குழு கண்டது. மாமியார் முகம் மாறியதை மருமகள் கண்டுபிடிப்பது பாவையைப் பார்த்து அல்ல.

தைப்பூசக் காவடியை ஆராய இந்தத் தீவுக்கு ஆய்வாளர்கள் வருவது நமக்குப் புதிதில்லை. டிமிட்ரிஸ் சிகலாட்டஸ் குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வில், வலியை அதிகம் உணர்ந்த பக்தர்கள் கோயிலுக்கு அதிகம் கொடுத்தார்கள். அலகு குத்தாமல் கூடவே நடந்தவர்களும் தாராளமாகக் கொடுத்தார்கள். 2019-ல் வந்த ஆய்வில் காவடி எடுத்தவர்களின் உடலில் கருவி கட்டித் தோலின் மின்கடத்தலை அளந்தார்கள். அலகு குத்தினால் பாவை விரியுமே, அதை ஏன் அளக்கவில்லை? வலி பாவையை விரிக்கும் என்பது உறுதி. மயக்க மருந்தில் கிடக்கும் நோயாளிக்குக்கூட விரியும் என்பதால் அறுவை அறையில் வலியை மதிப்பிட அதை அளக்கிறார்கள். ஆனால் கத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைப்படியில் நடுப்பகல் வெயிலின் வெளிச்ச அளவு ஒரு லட்சம் லக்ஸ். சுருக்குத் தசை முழு மூச்சாக இறுகியிருக்கும்போது உணர்ச்சியின் கால் மி.மீ. வெளியே தெரியாது. வெயிலில் உள்ள அகச்சிவப்பே கேமராவைக் குருடாக்கும். வியர்வை, கற்பூரப் புகை, பாதி மூடிய கண் வேறு. வியர்வைச் சுரப்பிக்கும் அதே பரிவு நரம்புதான் கட்டளை தருகிறது என்பதால், அங்கே தோலை அளந்தது சரியான முடிவு.

இனி, உணர்ச்சிக்குச் சம்பந்தமே இல்லாமல் பாவையை மாற்றும் விஷயங்கள். நம் குடும்பங்களில் இவைதான் அதிகம்.

சர்க்கரை நோய் இந்தத் தீவில் வீட்டுக்கு வீடு உண்டு. பல ஆண்டு இருந்தால் அது பரிவு நரம்பைப் பாதிக்கும். பாவை சிறுத்தே இருக்கும், இருட்டிலும் சரியாக விரியாது. வயதும் சிறுக்க வைக்கும். புரோஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின் மாத்திரையும் விரிப்புத் தசையைத் தளர்த்தும். கண்புரை அறுவைக்கு முன் அதை எடுப்பதாக மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அறுவையின் நடுவில் ஐரிஸ் தொளதொளத்துத் தொல்லை கொடுக்கும்.

விழித்திரைப் பரிசோதனைக்குப் போனால், பாரதியின் பெயரைத் தாங்கிய மோக்கா அரசு கண் மருத்துவமனையானாலும் தனியார் கிளினிக்கானாலும், டிராபிகமைட் சொட்டு விடுவார்கள். இருபது முப்பது நிமிடத்தில் விரியும். கருங்கண்ணின் நிறமி மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் விரிவது தாமதமாகும், இரண்டாவது சொட்டு தேவைப்படலாம், தெளியவும் நேரமாகும். நான்கு முதல் ஆறு மணி நேரம் எழுத்து மங்கும், வெயில் கூசும். கார் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். குளிர்கண்ணாடியும் கூட ஓர் ஆளும் வேண்டும்.

சிவனுக்கு ஊமத்தம்பூ பறித்த கையால் கண்ணைக் கசக்கினால் அந்தக் கண்ணின் பாவை மட்டும் அகன்று நிற்கும். ஊமத்தையில் உள்ள அட்ரோபினும் ஸ்கோப்பலமினும் சுருக்குத் தசைக்கு வரும் கட்டளையைத் தடுத்துவிடுகின்றன. ரொட்ரிக் தீவுக்குப் போகும் கப்பலில் குமட்டாமலிருக்கக் காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோப்பலமின் பட்டையைத் தொட்டுவிட்டுக் கண்ணைத் தொட்டாலும் இதே கதி. ஒட்டியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பூச்சிமருந்து அடித்தவருக்கு இரண்டு பாவையும் ஊசிமுனையாகச் சுருங்கி, எச்சில் வடிந்து, மூச்சு முட்டினால் அது ஆர்கனோபாஸ்பேட் விஷம், தாமதிக்கக் கூடாது.

ஐந்தில் ஒருவருக்கு இரண்டு பாவைகளும் இயல்பிலேயே கொஞ்சம் வேறுபடும், ஒரு மி.மீ.க்குள். அது பழையதா என்று அறியப் பழைய அடையாள அட்டையையோ கல்யாணப் படத்தையோ பெரிதாக்கிப் பாருங்கள்; அன்றும் அப்படியே இருந்தால் பயமில்லை. புதிதாக ஒரு பாவை பெரிதாகி, இமை தொங்கி, எல்லாம் இரண்டாகத் தெரிந்து, தலைவலி மண்டையைப் பிளந்தால், மூளைத் தமனியில் புடைத்த வீக்கம் மூன்றாம் நரம்பை அழுத்துகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். ஒரு பாவை சிறுத்து, அந்தப் பக்க இமை லேசாகத் தாழ்ந்து, கழுத்தும் வலித்தால் கழுத்துத் தமனியின் சுவர் கிழிந்திருக்கலாம். இரண்டுக்கும் காலைவரை காத்திருக்க வேண்டாம், கண் கிளினிக்கில் தேதி வாங்கவும் வேண்டாம். அவசர மருத்துவ உதவிக்கு 114-ஐ அழைத்து, எந்தக் கண், எத்தனை மணிக்கு முதலில் கவனித்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.